அக்டோபரில் பிசைந்த மாவு

எங்கள் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு பெரிய எனாமல் பேசின் இருந்தது. அதில் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேன் மாவு. மேலே ஒரு வெள்ளைத் துணி, துணியின் மேல் ஒரு தட்டு. அந்த மாவைப் பிசைந்த மறுநாள் காலையில் என் மனைவி இறந்துபோனாள். மாவு அப்படியே இருந்தது. இரண்டு மாதம் அசையாமல் கிடக்க வேண்டிய மாவுதான் அது. ஆகையால் அதன் பேரில் குற்றமில்லை.

இட்லி மாவு ஓர் இரவு புளித்தால் போதும் என்று வளர்ந்தவர்களுக்கு இரண்டு மாதக் கணக்கு விநோதமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஜெர்மன்காரர்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் தேன் பிஸ்கட் இது. தேனையும் சர்க்கரையையும் காய்ச்சி ஆறவைத்து, மாவில் ஊற்றிப் பிசைந்து, அக்டோபரில் எடுத்து வைத்துவிட வேண்டும். டிசம்பரில் எடுத்தால் கல்லாக இருக்கும். அதை உடைத்து, பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ எல்லாம் பொடித்துப் போட்டு, பிஸ்கட்டுக்குப் போடும் அம்மோனியா உப்பைப் பாலில் கரைத்து ஊற்றி, மறுபடியும் பிசைந்து சுட வேண்டும். "இதுக்குப் பேசாம ஒரு வீடே கட்டிடலாம்" என்று வருடா வருடம் சொல்வேன். வருடா வருடம் அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

என் மனைவி பத்து வருடம் வெளிநாட்டுக்காரர் வீடுகளில் சமைத்தவள். பெங்களூருக்கு வேலையாக வந்து இரண்டு வருடம், மூன்று வருடம் இருந்துவிட்டுப் போகிறவர்களின் வீடுகள். முதலில் குக் டவுனில் ஒரு ஜெர்மன் குடும்பம், அப்புறம் ஓர் இத்தாலி வீடு, ஒரு கிரேக்க வீடு, கடைசியாக ஒரு ஸ்வீடன் வீடு. அவர்கள் பாஷை எதுவும் இவளுக்கு வராது. ஆனால் டிசம்பர் வந்தால் அந்தப் பெண்கள் எல்லோருக்கும் ஊர் ஞாபகம் வந்துவிடும். அடுப்படிக்கு வந்து நிற்பார்கள். இவள் பக்கத்தில் நின்று கை பார்த்தே கற்றுக்கொண்டாள். அவளுடைய நோட்டில் பலகாரத்தின் பெயரே கிடையாது. "ஜெர்மன் அம்மா வீடு", "கிரேக்க வீடு" என்று வீட்டுப் பெயர்தான் தலைப்பு.

கிரேக்க வீட்டு உருண்டை வெண்ணெயில் செய்தது. மேலே சுண்ணாம்பு அடித்தது போலப் பொடித்த சர்க்கரை, நடுவில் ஒரு கிராம்பு. முதல் தடவை வாயில் போட்டபோது மூச்சை இழுத்துத் தொலைத்தேன். சர்க்கரைப் பொடி தொண்டைக்குள் போய், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்திருந்த பாதிரியார் முன்னால் கால் மணி நேரம் இருமினேன். இத்தாலி வீட்டில் பாதாம் போட்டு ஒரு தடவை சுட்டது போதாதென்று வெட்டி மறுபடியும் சுடுவார்கள். அவர்கள் அதை வைனில் நனைத்துச் சாப்பிடுவார்களாம். நாங்கள் டீயில் நனைத்தோம். ஒரு குறையும் தெரியவில்லை. ஸ்வீடன் வீட்டில் பூப்போட்ட இரும்பு அச்சு ஒன்றைச் சூட்கேஸிலிருந்து பத்திரமாக எடுத்துக் காட்டியபோது, இவள் மறுநாள் நம் வீட்டு அச்சு முறுக்கு அச்சைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாளாம். இரண்டும் ஒரே பட்டறையில் செய்தது போல இருந்ததாம். அந்த அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அதே ஸ்வீடன் வீட்டு இஞ்சி பிஸ்கட் காகிதம் போல மெல்லியது. உள்ளங்கையில் வைத்து ஒரு விரலால் தட்டி, சரியாக மூன்று துண்டாக உடைந்தால் நினைத்தது நடக்கும் என்பது அவர்கள் ஊர் நம்பிக்கை. எனக்கு எப்போதும் இரண்டாகவோ நான்காகவோதான் உடைந்தது. நான் பீன்யா தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருடம் லேத் ஓட்டியவன். தகடு ஒரே கனத்தில் இல்லாவிட்டால் ஒரே மாதிரி உடையாது, உன் பிஸ்கட்டில் தேய்ப்பு சரியில்லை என்று சொன்னேன். "வேண்டிக்கிறதுக்கும் அளவு பாக்கற ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றாள்.

வெளிநாட்டுக்காரர்கள் போய்விட்ட பிறகு அவள் வீட்டிலேயே டிசம்பர் மாதம் மட்டும் ஆர்டர் எடுத்தாள். நட்சத்திரம், இதயம், நிலாப்பிறை என்று அச்சுகளைத் தொழிற்சாலைத் துண்டுத் தகட்டில் நான்தான் வெட்டி, ஓரம் கையைக் கிழிக்காமல் அரத்தால் தேய்த்துக் கொடுத்தேன். ஜெர்மன் அம்மா தன் ஊரில் பயன்படுத்திய கறுப்பு மாவு இங்கே கிடைக்காததால், அந்த வீட்டில் இருந்தபோதே கொஞ்சம் ராகியைச் சேர்த்துப் பழகியிருந்தாள். ஊருக்குப் போகும் முன் அந்த அம்மா அதைச் சாப்பிட்டுவிட்டு, தன் தாயார் செய்வது போலவே இருப்பதாகக் கண் கலங்கினாளாம். ராகியின் சாமர்த்தியமோ, அந்த அம்மாவின் ஞாபக மறதியோ, எனக்குத் தெரியாது.

அந்த அக்டோபர் சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பயனில்லை.

அவள் மேஜையருகே நின்று பிசைந்துகொண்டிருந்தாள். நான் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாங்க, இடது கை ஒரு மாதிரி இழுக்குது" என்றாள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அஞ்சு கிலோ மாவு பிசைஞ்சா வலிக்காம, பின்ன இனிக்குமா?" என்றேன். அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாத்தாங்க, நீங்க கொஞ்சம் பிசைங்களேன்" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போய்ப் பிசைந்தேன். பத்து நிமிடம் இருக்கும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் நீவிக்கொண்டே, "அடியிலருந்து மடிங்க, மேலயே தடவாதீங்க" என்று அதிகாரம் செய்தாள். மாவு ஒன்று சேர்ந்ததும் துணியைப் போட்டு மேலே தூக்கி வைத்தேன். டீ குடித்தாள். சாப்பிட்டாள். தூங்கினாள். மறுநாள் காலையில் பால் வாங்கி வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்தாள்; எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் இளம்பெண். காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள்: "நேத்து ஏதாவது சொன்னாங்களா? நெஞ்சு வலி, கை வலி, தாடை வலி, எதாவது?" அதற்குள் என் மகளும் வந்துவிட்டாள். அவள் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு அங்கேயே பெண்கள் விடுதியில் இருந்தாள். தலைகூடச் சீவாமல் வந்து என் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் டாக்டரைப் பார்த்து, "ஒண்ணும் சொல்லலீங்க. நல்லாத்தான் இருந்தா" என்றேன். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பயமும் உண்டு, வெட்கமும் உண்டு. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்தச் சிரமம்கூட வரவில்லை. அதற்குப் பிறகு யாருமே கேட்கவில்லை.

அடக்கத்தில் நான் அழவில்லை. "கல்லு மாதிரி நிக்கறான் பாரு" என்று என் அக்கா யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அவள் இரண்டு வீடு தள்ளி இருக்கிறவள். மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கே சட்டம் போடுகிறவள். கல்லாக இருந்திருந்தால் பரவாயில்லை, நான் வெறுமனே மரத்துப்போயிருந்தேன். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல. காலாவது உதறினால் சுள்ளென்று உயிர் வரும். கல்லறைத் திருநாள் வந்தது, புது மண்ணில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். முப்பதாம் நாள் பூசை வந்தது, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து எழ வேண்டிய இடத்தில் எழுந்தேன். அக்கா கொடுத்தனுப்பிய கஞ்சியை ஒரு நாள் முழுதும் குடித்து முடித்தேன். சாயங்காலம் அவள் வந்து, "அடக் கடவுளே, உப்பே போடலையே, சொல்லக் கூடாதா?" என்றபோதுதான் அதில் உப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது.

மகள் விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். எனக்குத் துணையாக என்று எல்லோரிடமும் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோமே தவிர, பேச்சு என்று பெரிதாக இல்லை. "சாப்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "போட்டேன்." இவ்வளவுதான். எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. அந்தச் சாயங்காலம் அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் அவள் சத்தம் போட மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பேசாமல் பையை எடுத்துக்கொண்டு விடுதிக்கே திரும்பிவிடுவாள். எனக்கு மீதி இருந்தது அவள் ஒருத்திதான்.

மாவை ஒழித்துவிட்டால் நல்லது என்று தோன்றியது. நவம்பரில் ஒரு நாள் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தபோது பேசினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். மாநகராட்சியம்மா துணியை விலக்கி மோந்து பார்த்தாள். "சென்னாகிதேயல்லா சார், ஜேனு" என்றாள் கன்னடத்தில். நன்றாகத்தானே இருக்கிறது, தேன் என்று அர்த்தம். கெட்டுப்போகாததை எதற்குப் போடுகிறாய் என்பது போல என்னைப் பார்த்தாள். உள்ளே கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்தேன்.

டிசம்பர் பிறந்ததும் வழக்கமான ஆட்கள் ஃபோன் செய்தார்கள். மகள் ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொல்லி வைத்தாள். ஒரு நாள் ஃபோனை வைத்துவிட்டு, "அப்பா, அம்மா பிசைஞ்ச மாவு மேல இருக்குல்ல? அதை மட்டும் சுட்டுடலாம்ப்பா" என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் வரவில்லை. ஆனால் அக்காவின் வாய் வந்தது.

"துக்க வீட்ல வருஷம் திரும்பற வரைக்கும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. ஜனம் கொண்டாந்து குடுக்கும், நாம வாங்கிக்கணும். அவ்ளோதான். இது உங்கப்பனுக்குத் தெரியாதா?"

"எண்ணெயே கிடையாது அத்தை. ஓவன்ல வைக்கிறது."

"எதுல வெச்சா இன்னா, பலகாரம் பலகாரம்தான்."

"அம்மா உயிரோட இருக்கும்போது பிசைஞ்சது அத்தை. துக்கம் அதுக்கப்புறம்தானே?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "பிசையறது வேற, சுடறது வேற" என்றாள். மகள் விடவில்லை; நேராகக் கோயிலுக்குப் போய் ஃபாதரைக் கேட்டு வந்தாள். திருச்சபையில் அப்படி ஒரு சட்டமே இல்லை, இறந்தவர் கை பட்ட உணவைப் பகிர்ந்து உண்பது நல்லது என்று அவர் சொன்னாராம். "அவருக்கென்னா, அவரு மங்களூர்க்காரரு. நம்ம ஜனத்துக் கட்டுப்பாடு அவருக்கு எப்டித் தெரியும்?" என்றாள் அக்கா. இரண்டு நாள் இப்படியே இழுத்தது. ஓர் உச்சநீதிமன்றத்தில் நடக்க வேண்டிய வழக்கு எங்கள் கூடத்தில் நடந்தது. நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. பேசினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னாள். சுட்டுக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது, மொத்தமும் வெளியே கொடுத்துவிட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள அவளே வந்து உட்காருவாள்.

ஒரு சனிக்கிழமை காலை. மகள் நோட்டை விரித்து "ஜெர்மன் அம்மா வீடு" பக்கத்தை உரக்கப் படித்தாள். "மாவை உடைத்து வெயிலில் அரை மணி வை. மசாலாப் பொடியும் அம்மோனியா உப்பும் கலந்து பிசை. கை ஓயும் வரை பிசை." பேசினை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். துணியை எடுத்தபோது மாவு கறுத்து, பழைய சலவை சோப்பு போல இறுகியிருந்தது. மேற்பரப்பில் விரல் தடங்கள் அப்படியே இருந்தன. மகள் அவற்றின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். "அம்மா கை" என்றாள்.

அது அவள் அம்மா கை இல்லை. கடைசிப் பத்து நிமிடம் பிசைந்தவன் நான். மேலே இருந்தது என் கை. சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் கத்தியால் வெட்டி, வெயிலில் வைத்து, பாதி மாவை எடுத்து மசாலாவோடு பிசைந்தாள். அம்மோனியாவின் காரம் மூக்கில் ஏறியது, அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதையா துட்டுக் குடுத்து வாங்கறாங்க?" என்றாள். முதல் தட்டு ஓவனுக்குள் போயிற்று. மகள் மீதி மாவை எடுத்துப் பிசைய ஆரம்பித்தாள். இரண்டு மாத மாவு லேசில் மசியாது. உடம்பையே மேலே சாய்த்து அழுத்தினாள், நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு நிறுத்தினாள். இடது தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இடது கை இழுக்குது" என்றாள்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஸ்டூல் விழுந்த சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன், உடனே எழுப்பினேன், செருப்பை நானே அவள் காலில் மாட்டினேன். "இன்னாப்பா, இன்னா ஆச்சு?" என்று அவள் கேட்கக் கேட்க, மாவுக் கையோடு அவளைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அக்கா பின்னால் கத்தினாள். நான் ஓவனைக் காட்டி எதையோ சொன்னேன். தெருமுனையில் நின்ற ஆட்டோவில் அவளை ஏற்றி, "ஆஸ்பத்ரே, பேகா ஹோகி" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினேன். டிரைவர் இவளைத் திரும்பிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார். உடம்பு சரியில்லாதவன் நான்தான் என்று முடிவு செய்துகொண்டு வேகமாக ஓட்டினார்.

அல்சூர் பக்கம் நெரிசல். என் வாய் உலர்ந்துவிட்டது, நெஞ்சு அடித்துக்கொண்டது. இரண்டு மாதத்தில் என் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் சங்கதி அதுதான். "நெஞ்சு வலிக்குதா? தாடை வலிக்குதா?" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் அவளைக் கேட்டேன். முதலில் "இல்லப்பா, இல்லப்பா" என்று சலித்துக்கொண்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இந்தத் தடவை வேறு டாக்டர். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா வேலை செஞ்சிட்டு இருந்தீங்க?" என்றார்.

"மாவு பிசைஞ்சேன்."

"எவ்ளோ?"

"அஞ்சு கிலோ. காஞ்ச மாவு."

டாக்டர் சிரித்துவிட்டார். தசைப்பிடிப்பு, வேறு ஒன்றுமில்லை என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "பரவால்ல சார், கூட்டிட்டு வந்தது நல்லதுதான்" என்று என்னிடம் சொன்னார். நல்ல மனிதர். அதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

மருந்துக்கடை வாசலில் நிற்கும்போது அக்காவின் ஃபோன். ஒன்றுமில்லை என்று சொன்னதும் பெரிதாக மூச்சு விட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டேய், அந்தத் தட்டை எப்ப வெளிய எடுக்கணும்?" என்றாள். ஓவனை அணைக்கச் சொல்லியிருந்தேன் என்றுதான் நினைத்தேன். "நெறம் வந்ததா?" என்றேன். "வந்து அப்பவே எடுத்துட்டேன். இது ரெண்டாவது தட்டு. பிசைஞ்சது பாதியில கிடந்துச்சு, காஞ்சா வீணாப்பூடுமேன்னு நானே மீதியைப் பிசைஞ்சு வெட்டிப் போட்டேன். வீடே அவ வாசனை அடிக்குதுடா. ஒண்ணு உடைஞ்சிடுச்சு. உடைஞ்சதை வெளிய குடுக்க முடியாதில்ல, அதனால வாயில போட்டுக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் ஒரு சிமெண்டுப் பெஞ்சு இருந்தது. மகள் அதில் உட்கார்ந்தாள். நான் ஆட்டோ தேடப் போனேன்; "உக்காருங்கப்பா" என்றாள். உட்கார்ந்தேன். அவள் கைவிரல்களில் மாவு காய்ந்து வெடித்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு அம்மா கை வலிக்குதுன்னு சொன்னாங்களாப்பா?"

ஒன்பது பொய்யில் முதலாவதைச் சொல்ல வேண்டிய நேரம். என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். கிரிக்கெட்டைச் சொன்னேன். திரும்பிப் பார்க்காததைச் சொன்னேன். இனிக்குமா என்று கேட்டதைச் சொன்னேன். மேலே இருந்த விரல் தடம் என்னுடையது என்பதைச் சொன்னேன். டாக்டரிடம் சொன்னதை அவளே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். சொல்லி முடித்ததும் அவள் எழுந்து போவதற்காகக் காத்திருந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. விரலைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கும் ஃபோன் பண்ணாங்கப்பா" என்றாள். "அன்னைக்கு ஏழு மணி இருக்கும். கை இழுக்குதுடி, தைலம் எதைத் தடவுறதுன்னு கேட்டாங்க. நான் மீட்டிங்ல இருந்தேன். அப்பறம் கூப்பிடறேம்மான்னு சொல்லிக் கட் பண்ணிட்டேன். மீட்டிங் முடிஞ்சு பிரெண்ட்ஸோட சாப்பிடப் போய்ட்டேன். கூப்பிடவே இல்ல." அவள் குரல் உடையவில்லை, எழுதியதைப் படிப்பவள் போலச் சொன்னாள். அவளும் என்னைப் போலவே மரத்துத்தான் கிடந்திருக்கிறாள், ஒரே வீட்டில், அடுத்த அறையில். "டாக்டர் கேட்டப்ப நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. உங்களுக்குத் தெரியாது போலன்னு நானும் சும்மா நின்னுட்டேன். எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்ப்பா."

இருபத்து மூன்று வயதுப் பெண். "பைத்தியமா நீ?" என்றேன். "அவ தெனம் மாவு பிசையறவ. கை வலின்னா யாருக்கும்மா அப்டித் தோணும்? டாக்டரா நீ? உன் மேல என்னா தப்பு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உங்களுக்கு மட்டும் எப்டித் தோணியிருக்கணும்?" என்றாள்.

ரோட்டில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றையும் கூப்பிடவில்லை. களிம்புக் குழாயைத் திறந்து, அவள் இடது கையை என் மடியில் வைத்துக்கொண்டு, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தேய்த்துவிட ஆரம்பித்தேன். அன்று ஸ்டூலில் ஒருத்தி தன் கையைத் தானே நீவிக்கொண்டிருந்தாள்; நான் எழுந்து போய்ச் செய்திருக்க வேண்டியது இதுதான். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை. மகள் தன் வலது கையால் துடைத்துவிட்டாள்.

"போதும்ப்பா, வலி போயிடுச்சு" என்றாள்.

நான் நிறுத்தவில்லை.